இரும்பு விலைக்குப் போகவிருந்த மொரிஸ் மைனர்

என் தங்கையின் மகன் அமெரிக்காவில் தொழில் பார்க்கிறான். சில மாதங்களுக்கு முன் தொலைபேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தான். நீண்ட முன்பகுதியுடைய சிவப்பு நிற போர்ட் மஸ்டாங் கார். 1960களில் செய்தது. “மாமா, இது பக்கத்து வீட்டுக்காரருடையது. சனி, ஞாயிறு வந்தால் இவரைப்போல் பத்துப் பேர் தங்கள் கார்களைக் கொண்டுவந்து வரிசையாக நிறுத்தி, பொனட்டைத் திறந்து வைத்துவிட்டு மணிக்கணக்கில் கதைக்கிறார்கள். வேலையில்லாத மனிதர்கள்” என்று எழுதியிருந்தான்.

பதிலுக்கு என் மொரிஸ் மைனர் காரின் படத்தை அனுப்பி, “உன் மாமாவும் அந்த வேலையில்லாத கூட்டத்தைச் சேர்ந்தவர்தான்” என்று எழுதினேன். ஹட்டனில் கடை வைத்திருப்பவன் நான். காலையில் கதவு திறந்தால் இரவு எட்டு மணி வரைக்கும் சரக்கும் கடன் புத்தகமும்தான் வாழ்க்கை. அப்படிப்பட்டவன் அறுபது வருடத்துக் காரை வாங்கி, அதற்குக் காசு செலவழித்து, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறேன் என்றால் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். அதேவேளை, “நாநா, எனக்கும் அப்படி ஒன்று பார்த்துத் தாருங்கள்” என்று கேட்பவர்களும் கூடிவருகிறார்கள். கேட்பவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற வியாபாரிகள். ஆசை இருக்கிறது, கையில் கொஞ்சம் காசு இருக்கிறது, ஆனால் இந்தச் சந்தை தெரியாது. அவர்களுக்காகவே இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

அங்கே மஸ்டாங், இங்கே மைனர்

மஸ்டாங் காரை போர்ட் கம்பனி 1964 ஏப்ரல் மாதத்தில் நியூயோர்க் உலகக் கண்காட்சியில் அறிமுகப்படுத்தியது. முதல் பன்னிரண்டு மாதங்களில் 4 இலட்சத்துக்கு மேல் விற்றது. அதே 1964ஆம் ஆண்டு மொடலாகப் பொன்டியாக் கம்பனி ஜீ.ரீ.ஓ. என்ற காரை இறக்கியது. நடுத்தர அளவான கார் ஒன்றுக்குள் 6.4 லீற்றர் எஞ்சினை வைத்தார்கள். 325 குதிரை வலு. இப்படிச் சாதாரண உடம்புக்குள் முரட்டு எஞ்சினை வைத்த கார்களைத்தான் அமெரிக்கர்கள் ‘மஸில் கார்’, அதாவது தசைபலம் கொண்ட கார் என்கிறார்கள். பெற்றோல் தண்ணீர் விலைக்கு விற்ற காலம் அது. 1973இல் அரபு நாடுகள் எண்ணெய்த் தடை விதித்ததும் விலை ஏறியது. புகைச் சட்டங்களும் காப்புறுதிக் கட்டணமும் சேர்ந்து நெருக்கின. அந்தக் கார்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள்.

பிறகு நடந்ததை வியாபாரிகள் கவனிக்க வேண்டும். 1960களில் அந்தக் கார்களை வாங்க முடியாமல் வேலியோரம் நின்று பார்த்த பையன்கள் வளர்ந்து, உழைத்து, ஐம்பது வயதில் காசோடு வந்தார்கள். எஞ்சியிருந்த கார்கள் சொற்பம், கேட்பவர்கள் அதிகம். விலை ஏறியது. விலை ஏறுகிறது என்பதற்காகவே வாங்கியவர்களும் சேர்ந்தார்கள். 2008இல் நிதி நெருக்கடி வந்தபோது விலை விழுந்தது. ஆசைக்கு வாங்கியவன் காரை வைத்துக்கொண்டு ஓட்டினான். கடனுக்கு வாங்கியவன் கையைச் சுட்டுக்கொண்டான். நம் மலைநாட்டில் நடப்பதும் இதுவேதான், அளவு மட்டும் சிறியது.

நம்முடைய வேலியோரத்தில் ஓடியது மஸ்டாங் அல்ல, மொரிஸ் மைனர். அதன் 948 சீசீ எஞ்சினுக்கு 37 குதிரை வலுதான். மேற்சொன்ன ஜீ.ரீ.ஓ. காரின் வலுவில் ஒன்பதில் ஒரு பங்கு. ஆனால் ஹட்டன் பஸாரில் வளர்ந்த என் வயதுக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். அந்தக் கார் கியர் மாற்றும்போது எழுப்பும் சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு அடையாளம் சொல்வார்கள்.

துரைமார் விட்டுச்சென்ற கார்கள்

மலைநாட்டில் ஏன் இவ்வளவு பழைய கார்கள்? காரணம் தேயிலைதான். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1885இல் ரயில் நானுஓயா வரை வந்துவிட்டது. ஆனால் ஸ்டேசனிலிருந்து துரை பங்களாவுக்கு மேடும் பள்ளமுமாகப் பல மைல் தூரம். முதலில் குதிரை, பிறகு மோட்டார் சைக்கிள், பிறகு கார். துரைமார் கார் வைத்திருந்தது தேவைக்கு மட்டுமல்ல, விளையாட்டுக்கும்தான். நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை தேயிலைத் தோட்டத்துக்குள் போகும் ஏற்றப் பாதையில் 1934இல் காரோட்டப் போட்டி ஆரம்பித்தார்கள். ஏப்ரல் சீசன் என்றால் குதிரைப் பந்தயம், பூக் கண்காட்சி ஆகியவற்றோடு மகாகஸ்தோட்டை ஏற்றமும் றதெல்ல ஏற்றமும் பெயர் பெற்றவை.

மொரிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. வடிவமைத்தவர் அலெக் இஸிகொனிஸ். துருக்கியின் இஸ்மிர் நகரில் 1906இல் பிறந்தவர். கார் ஒடுக்கமாக இருப்பதாக அவருக்குப் பட்டதால், செய்து முடித்த மாதிரியை நடுவில் அறுத்து 4 அங்குலம் அகலமாக்கச் சொன்னார். பொனட்டின் நடுவே இன்றும் ஓடும் அந்தத் தட்டைப் பட்டி அதன் அடையாளம். பத்து இலட்சம் விற்ற முதல் பிரித்தானியக் கார் இதுதான். 1971இல் உற்பத்தி நின்றபோது மொத்தம் 16 இலட்சத்துக்கு மேல் செய்திருந்தார்கள். அதே 1948இல்தான் லேண்ட் ரோவரும் வந்தது. அதன் உடம்பு அலுமினியம். துருப்பிடிக்காது. தோட்டத்துப் பாதைக்கு அதைவிட்டால் வேறு வாகனம் இல்லை என்ற நிலை பல வருடங்களுக்கு இருந்தது.

1960களில் நாட்டில் அந்நியச் செலாவணி வறண்டதும் கார் இறக்குமதி சுருங்கியது. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்களின் கீழ் தோட்டங்கள் அரசின் கைக்குப் போயின. வெள்ளைக்காரத் துரைமார் கப்பலேறினார்கள். போகும்போது கார்களைத் தோட்டத்துப் பெரிய கிளாக்கருக்கும், டீ மேக்கருக்கும், டவுன் கடை முதலாளிக்கும் விற்றுவிட்டுப் போனார்கள். 1977இல் பொருளாதாரம் திறக்கப்படும் வரை இருந்ததை வைத்தே ஓட வேண்டியிருந்தது. உடைந்தால் திருத்தினோம், பாகம் இல்லாவிட்டால் கடைந்து எடுத்தோம். 1977க்குப் பிறகு ஜப்பான் கார்கள் வந்தன. பழையவை கொட்டகைக்குள் போயின. தார்ப்பாய் போர்த்திக் கோழி அடைத்து வைத்த கார்களை நானே பார்த்திருக்கிறேன்.

பெரிய கிளாக்கர் வீட்டுக் கொட்டகையில்

என் வாப்பாவின் கடைக்கு டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றின் பெரிய கிளாக்கர் மாதா மாதம் வருவார். சம்பளம் போட்ட மறுநாள், சாம்பல் நிற மொரிஸ் மைனரில். அதன் இலக்கத் தகட்டில் ஸ்ரீ எழுத்து இருக்கும். கணக்கைத் தீர்த்து, சாமானை ஏற்றி முடியும் வரை என்னை ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார வைப்பார். திரும்பும் பக்கத்தைக் காட்ட அந்தக் காலத்துக் கார்களில் கதவுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கை வெளியே நீளும். சுவிச்சைத் தட்டி அதை நீட்டுவதும் மடக்குவதும் எனக்கு விளையாட்டு. “டேய், பெட்டரி எறங்கிடும்” என்று சத்தம் போடுவாரே தவிர ஒருநாளும் இறக்கி விட்டதில்லை.

அவர் ஓய்வு பெற்றுப் பல வருடங்களுக்குப் பிறகு காலமானார். 2016இல் அவர் மனைவி கடைக்கு ஆள் அனுப்பியிருந்தார். போனேன். கொட்டகையில் அதே கார். நான்கு டயரிலும் காற்று இல்லை. பழைய இரும்பு வியாபாரி ஒருவர் 60,000 ரூபாய்க்குக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

“மொதலாளி, எனக்கு இதோட வெலையெல்லாம் தெரியாது. ஐயாவுக்கு இது புள்ள மாதிரி. வெட்டிப் போட்டுருவாங்கன்னு நெனைச்சா மனசு கேக்கல. ஒரு இலட்சம் குடுத்தீங்கன்னா போதும், எடுத்துக்கிட்டுப் போயிடுங்க.”

உண்மையைச் சொல்கிறேன். வியாபாரியின் மனம் உடனே கணக்குப் போட்டது. ஓடக்கூடிய நிலையிலுள்ள மைனர் ஒன்று அப்போது கண்டியில் ஏறக்குறைய 4 இலட்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த அம்மா தானாகவே ஒரு இலட்சம் என்கிறார். நான் ஏமாற்றவில்லையே, அவர் கேட்ட விலையைத்தானே கொடுக்கப் போகிறேன் என்று ஒரு பக்கம் மனம் சொன்னது. சட்டப்படி அதில் குற்றமில்லை. ஆனால் விலை தெரியாதவரிடம், விலை தெரிந்தவன் மௌனமாக இருந்து வாங்கும் இலாபம் எப்படிப்பட்டது என்று நம் எல்லோருக்கும் தெரியும். பொருளின் குறையை மறைத்து விற்கக்கூடாது என்று விற்பவனுக்குச் சொல்கிறோம். பொருளின் நிறைவை மறைத்து வாங்குவதும் அதன் மறுபக்கம்தானே?

ஒரு தாளை எடுத்தேன். “அம்மா, ஓடுற கார்னா நாலு இலட்சம் வரும். இது ஓடல. பிரேக், டயர், தரைத் தகடு, வயரிங் எல்லாம் பார்க்க என் கணக்குல ஒன்னேகால் இலட்சம் போகும். மிச்சம் ரெண்டே முக்கால். நீங்க இன்னும் ரெண்டு பேர்கிட்ட கேட்டுட்டுச் சொல்லுங்க” என்று எழுதிக் கொடுத்தேன். அவர் நீண்ட நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார். வேறு யாரிடமும் கேட்கவில்லை. 275,000 ரூபாய்க்குப் பேசி முடித்தோம்.

பத்திரம் கிளாக்கரின் பெயரில் இருந்தது. அவர் காலமாகிவிட்டபடியால் வாரிசுகளின் கையொப்பங்களையும் பத்திரங்களையும் சரிசெய்ய நான்கு மாதம் எடுத்தது. அதுவரை முற்பணம் மட்டும் கொடுத்துக் காத்திருந்தேன். காரை அசைக்கவில்லை.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

இதில் நான் கற்றதையும், நண்பர்கள் பட்டு அறிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலாவது பத்திரம், இரண்டாவதுதான் கார். பதிவுப் புத்தகத்தில் உள்ள சேசிஸ் இலக்கமும் எஞ்சின் இலக்கமும் காரில் உள்ளவையும் ஒன்றா என்று டோர்ச் அடித்து உங்கள் கண்ணாலேயே பாருங்கள். அந்தக் காலத்தில் எஞ்சின் மாற்றியவர்கள் பலர் அதைப் பதிவு செய்யவில்லை. நிறம் மாற்றியதும் அப்படியே. கைமாறிக் கைமாறி வந்த கையொப்பமிட்ட படிவத்தை மட்டும் காட்டி, “பெயர் மாற்றுவது சின்ன வேலை” என்பவரிடம் வாங்காதீர்கள். சின்ன வேலை என்றால் அவரே மாற்றித் தரட்டும். என் நண்பர் ஒருவர் இப்படி வாங்கிய கார், சேசிஸ் இலக்கம் பொருந்தாமல் மூன்று வருடமாகக் கடைக்குப் பின்னால் நிற்கிறது. ஓட்டவும் முடியாது, விற்கவும் முடியாது.

இரண்டாவது துரு. மலைநாட்டுக் காரில் கடல் உப்பு இல்லை. ஆனால் மழையும் பனியும் வருடம் முழுக்க. மைனரைப் பொறுத்தவரை கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிப் பகுதி, பின் ஸ்பிரிங் பிடிக்கும் இடம், தரைத் தகடு ஆகிய மூன்றையும் பாருங்கள். அந்தக் காருக்குத் தனிச் சட்டகம் கிடையாது. இந்தப் பகுதிகள்தான் காரைத் தாங்குகின்றன. மேலே பெயின்ட் கண்ணாடிபோல் மின்னினால் சந்தோசப்படாதீர்கள். ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி ஒட்டிப் பாருங்கள். பட்டி பூசி மறைத்த இடத்தில் காந்தம் ஒட்டாது. லேண்ட் ரோவர் வாங்குபவர்கள் அலுமினிய உடம்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். அதன் சேசிஸ் இரும்புதான். கீழே படுத்துச் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது முன் சக்கரம். மைனரின் முன் சக்கரத்தைத் தாங்கும் கீழ்முனைத் திருகு மூட்டுக்கு ஒழுங்காகக் கிரீஸ் அடிக்க வேண்டும். அதைக் கவனிக்காமல் விட்டால் புரி தேய்ந்து, ஒருநாள் சக்கரம் வெளிப்பக்கமாக மடிந்துவிடும். இந்தக் காரின் பெயர் போன நோய் இதுதான். ஜாக் போட்டுச் சக்கரத்தை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நான்காவது பாகங்கள். மைனருக்கு இந்தக் கவலை குறைவு. கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடினால் பல சாமான்கள் அகப்படும். நம்மவர் பலருக்குத் தெரியாத ஒரு செய்தி இருக்கிறது. இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ல்ஸ் வேர் என்பவர், 1990களில் இலங்கையர் ஒருவருடன் கூட்டுச் சேர்ந்து இங்கே டியூரபிள் கார் கம்பனி என்ற பெயரில் மைனருக்கான பாகங்களைச் செய்வித்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். கார் பிறந்த நாட்டுக்கே நம் நாட்டுக் கைவேலை ஏற்றுமதியானது. இறக்குமதி இல்லாத காலத்தில் நம் பாஸ்மார் தகடு அடித்துக் கற்ற வித்தைக்கு உலகத்தில் ஒரு விலை இருந்தது என்பது இதன் பொருள்.

ஐந்தாவது, முழுச் செலவு. நான் அந்த அம்மாவுக்கு ஒன்றேகால் இலட்சம் என்று எழுதிக் கொடுத்தேனே, உண்மையில் ஆனது 340,000 ரூபாய். பெயின்டை உரித்த பிறகுதான் துருவின் முழு உருவம் தெரிந்தது. போதாததற்கு ஆசை வேறு. சீற்றுக்கு அசல் நிறம், பம்பருக்குப் புது நிக்கல் முலாம் என்று போய்க்கொண்டே இருந்தது. வாங்கிய விலையோடு சேர்த்து 615,000. ஆகவே என் ஆலோசனை, பாஸ் சொல்லும் மதிப்பீட்டை இரண்டால் பெருக்குங்கள். அந்தத் தொகை உங்கள் கையில் இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

கினிகத்தேனை இறக்கத்தில்

கார் ஓடத் தொடங்கிய இரண்டாம் மாதம், கினிகத்தேனை இறக்கத்தில் பிரேக்கை மிதித்தேன். பெடல் தரை வரை போனது. கார் நிற்கவில்லை. முன்னால் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிய வான். கியரை இரண்டுக்குப் போட்டு, கைப்பிரேக்கை இழுத்து, இடப்பக்க மண்மேட்டில் சக்கரத்தை உரசி நிறுத்தினேன். பக்கத்தில் மகன் இருந்தான். இருவரும் பத்து நிமிடம் பேசவில்லை.

காரணம் என்ன? வெளியூர்க் கராஜ் ஒன்றில் பிரேக்குக்கு வேலை செய்து கொடுத்தபோது, சக்கர சிலிண்டருக்குள் இருந்த இறப்பர் வளையங்களை மாற்றாமல் பழையதையே கழுவிப் போட்டிருக்கிறார்கள். பில்லில் மாற்றியதாக இருந்தது. ஒரு வளையத்தின் விலை ஒரு பிளேன்டீயும் வடையும் அளவுதான். குற்றம் அவர்களுடையது மட்டுமல்ல. பம்பரின் பளபளப்பைத் தினமும் போய்ப் பார்த்த நான், பிரேக் வேலையை நேரில் நின்று பார்க்கவில்லை.

இந்தக் கார்களில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். எல்லாம் ஒரே குழாய் வழி. ஒரு சக்கரத்தில் ஒழுகினால் நான்கும் போய்விடும். இக்காலக் கார்களில் இரட்டை வழி இருப்பதால் ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும். அத்துடன் நீண்ட இறக்கத்தில் தொடர்ந்து மிதித்தால் டிரம் சூடேறிப் பிடிப்பு குறையும். ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய லொறிச் சாரதிகள் சொல்வது சும்மா அல்ல. எங்கள் மலைப் பாதைகளில் பழைய கார் ஓட்ட விரும்புவோர் முதல் காசைப் பிரேக்குக்கும், இரண்டாவது காசை டயருக்கும், கடைசிக் காசைப் பெயின்டுக்கும் செலவழியுங்கள். மழைக்காலத்துக்கு வைப்பரையும் விளக்குகளையும் மறக்க வேண்டாம். நானுஓயாப் பனியில் மைனரின் அசல் விளக்கு மெழுகுதிரி மாதிரி.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்

இனி இன்பமான பகுதி. எங்களில் ஐந்து பேர் இருக்கிறோம். பத்திரம் பதிந்த சங்கம் எதுவும் அல்ல. கொழும்பில் கிளாசிக் கார் கிளப் ஒப் சிலோன், விண்டேஜ் கார் உரிமையாளர் சங்கம் என்று பெரிய அமைப்புகள் இருக்கின்றன. எங்களுடையது கடைவாசல் கூட்டம். ஓய்வுபெற்ற டீ மேக்கர் ஒருவரிடம் இரண்டாம் வரிசை லேண்ட் ரோவர். நானுஓயாவில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்யும் சிங்கள நண்பரிடம் ஒஸ்டின் ஏ40. தலவாக்கலை ஹார்ட்வெயார்க்கார நாநாவிடம் மினி. இன்னொரு மைனர், நுவரெலியாவில் பேக்கரி வைத்திருக்கும் தம்பியிடம்.

மாதத்தின் முதல் ஞாயிறு காலை ஆறரைக்கு ஹட்டனில் புறப்படுவோம். கொட்டகலை, டெவன் நீர்வீழ்ச்சி, சென் கிளேயர், தலவாக்கலை, றதெல்ல, நானுஓயா, நுவரெலியா. தூரம் பெரிதல்ல. ஆனால் ஐந்து கார்களில் ஒன்றாவது வழியில் நிற்காமல் நாங்கள் போய்ச் சேர்ந்ததில்லை. லேண்ட் ரோவருக்கு ரேடியேட்டர் கொதிக்கும். என் காருக்கு ஈரம் பட்டால் டிஸ்ரிபியூட்டர் மூடிக்குள் நீர்த்துளி கோத்துக்கொண்டு எஞ்சின் இருமும். ஒருவர் துணியை எடுப்பார், ஒருவர் பிளக்கைக் கழற்றுவார், ஒருவர் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றுவார். போகிற வருகிற தோட்டத்து மக்கள் நின்று பார்ப்பார்கள். “இது எங்க பழைய தொரையோட காராச்சே” என்று ஒரு கிழவர் ஒருமுறை லேண்ட் ரோவரின் கதவைத் தடவிப் பார்த்தார். அந்தத் தோட்டத்தின் பெயரையும் துரையின் பெயரையும் சரியாகச் சொன்னார். பதிவுப் புத்தகத்தின் பழைய பக்கத்தில் அதே பெயர்தான் இருந்தது.

2019 ஏப்ரலுக்குப் பிறகு சில மாதங்கள் நாங்கள் ஓடவில்லை. அந்தக் காலத்தில் கடைகள் எப்படி இருந்தன என்பது வாசகர்களுக்குத் தெரியும். ஒரு சனிக்கிழமை மாலை நானுஓயா நண்பர் ஒஸ்டினில் தனியாக என் கடை வாசலுக்கு வந்து நிறுத்தினார். “நாளைக்கு முதலாம் ஞாயிறு. நீங்கள் வராவிட்டால் நானும் போகமாட்டேன்” என்றார். அடுத்த நாள் ஐந்து கார்களும் ஓடின. வாடிக்கையாளர்களில் பலர் அதைப் பார்த்தார்கள். அந்த ஓட்டம் என் கடைக்குச் செய்த நன்மையை எந்த விளம்பரமும் செய்திருக்காது. ஆனால் அவர் அதற்காக வரவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

2022 தந்த பாடம்

2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. ஓடுகிற எல்லாக் கார்களுக்கும் விலை ஏறியது, பழையவற்றுக்கும்தான். 2021இல் கொழும்பிலிருந்து வந்த ஒருவர் என் மைனருக்கு 12 இலட்சம் தருவதாகச் சொன்னார். போட்ட காசு கிட்டத்தட்ட இரட்டிப்பு. நான் விற்கவில்லை. அடுத்த வருடம் நெருக்கடி வந்தது. பெற்றோல் வரிசை, பிறகு கியூஆர் கோட்டா. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கடன் வட்டி வீதத்தை ஒரே தடவையில் ஏழு வீதப்புள்ளி ஏற்றி 14.5 வீதமாக்கியது. வங்கிகள் மேலதிகப் பற்றுக்கு இருபது வீதத்துக்கு மேல் கேட்டன. சரக்கு விலை மூன்று மடங்கு.

மகன் கேட்டான், “வாப்பா, போன வருசம் குடுத்திருந்தா பன்னிரண்டு இலட்சம். இப்ப கடைக்கு எவ்வளவு உதவி!” அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் நான் அன்று நிம்மதியாகப் பதில் சொல்ல ஒரு காரணம் இருந்தது. அந்தக் கார் கடை முதலில் வாங்கியதல்ல, கடன் காசிலும் வாங்கியதல்ல. மூன்று வருட இலாபத்தில் வீட்டுச் செலவு போக மிஞ்சியதில் சிறுகச் சிறுகச் சேர்த்தது. ஆகவே யாரும் அதை விற்கும்படி என்னை நெருக்க முடியாது. அது கொட்டகையில் பேசாமல் நின்றது. எட்டு மாதம் ஓடவில்லை.

எனக்குத் தெரிந்த இன்னொரு வியாபாரி, விலை ஏறுகிறதே என்று கடன் எடுத்து 2021இல் இரண்டு பழைய கார்கள் வாங்கினார். வட்டி ஏறியதும் தாங்க முடியவில்லை. பெற்றோல் இல்லாத நாட்டில் பழைய கார் யார் வாங்குவார்? இரண்டையும் நட்டத்துக்கு விற்று, மீதிக் கடனுக்குக் கடைச் சரக்கில் கை வைத்தார். அவருடைய கார்கள் என்னுடையதைவிட நல்ல கார்கள். தவறு காரில் இல்லை, காசு வந்த வழியில்.

2025 பெப்ரவரியில் இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டிருக்கிறது. பழைய கார் விலை ஏறுமா இறங்குமா என்று என்னிடம் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியைக் கேட்பவர் இந்தக் காரை வாங்க வேண்டாம் என்பதுதான் என் பதில். விலைக்காக வாங்குவதென்றால் அது சரக்கு. சரக்குக்குரிய கணக்கோடு, முதலைச் சுற்றிவிடும் வேகத்தோடு வாங்குங்கள். ஓட்டுவதற்காக வாங்குவதென்றால் அது செலவு. வீட்டுச் செலவுக் கணக்கில் எழுதுங்கள். ஸகாத் கணக்கிலும் இந்த வேறுபாடு வரும். சொந்தப் பாவனைக்கான காருக்கு ஸகாத் இல்லை, விற்பதற்கென்று வாங்கி நிறுத்திய கார் வியாபாரப் பொருள். இரண்டையும் குழப்பிக்கொண்டு, ‘ஆசைக்கும் ஆச்சு, இலாபத்துக்கும் ஆச்சு’ என்று வாங்குபவர் முடிவில் இரண்டையும் இழப்பார்.

கடைசியாக ஒன்று

சென்ற வருடம் அந்த அம்மாவின் பேத்திக்குக் கல்யாணம். மணப்பெண்ணை அழைத்துச்செல்லக் கார் தேவை என்று சொல்லியனுப்பினார். ஐந்து கார்களையும் கொண்டுபோனோம். மைனரில் மணப்பெண்ணும் தோழியும் பின்னால். முன்னால் என் பக்கத்தில் அந்த அம்மா. தோட்டத்துப் பாதையில் இறங்கும்போது அவர் கை நீட்டிச் சுவிச்சைத் தட்டினார். வெளியே அந்தச் சிறிய கை நீண்டது.

“இன்னும் வேல செய்யுதா மொதலாளி?”

“செய்யுது அம்மா. பெட்டரிதான் எறங்கிடும்” என்றேன்.

அவர் சிரித்தார். திரும்பி வரும்போது, அந்த இரும்பு வியாபாரி பிறகும் ஒருமுறை வந்து, “நான்தான் கொஞ்சம் குறைத்துக் கேட்டுவிட்டேன்” என்று சொன்னதாகச் சொன்னார். நான் எழுதிக் கொடுத்த தாளை ஐயாவின் படத்துக்குப் பின்னால் இன்னும் வைத்திருக்கிறாராம். என் கணக்கு 215,000 ரூபாய் பிழைத்துப்போன தாள் அது. ஆனாலும் என் வியாபார வாழ்க்கையில் எழுதிய பில்களில், யாருக்கு வேண்டுமானாலும் எடுத்துக் காட்டலாம் என்று எனக்குத் தோன்றும் பில்களில் அதுவும் ஒன்று.